லேயர் பிரியாதபோது குடுவைக்குள் மூன்றாவதாக என்ன இருக்கிறது என்று பாருங்கள்

எம்.எஸ்ஸி. முதலாண்டு மாணவி ஒருவர் கேட்டது இது: "தேயிலையிலிருந்து காஃபீன் எடுக்கும் சோதனையில் டி.சி.எம். (டைகுளோரோமீத்தேன்) ஊற்றிக் குலுக்கினேன். மொத்தமும் பழுப்புப் பால் மாதிரி ஆகிவிட்டது, ஒரு மணி நேரமாகியும் பிரியவில்லை. போன வாரம் மெத்தனாலில் செய்த சோடியம் போரோஹைட்ரைடு வினையில் எதில் அசிட்டேட் ஊற்றினால் லேயரே வரவில்லை. அதற்கு முன்னால் ஒருமுறை கீழே இருப்பதுதான் டி.சி.எம். என்று நம்பி மேல் லேயரைக் கொட்டினேன். போனது என் ப்ராடக்ட். எக்ஸ்ட்ராக்‌ஷன் என்றாலே பயமாக இருக்கிறது. எங்கே தவறு செய்கிறேன்?"

முதலில், இப்போது பிரிபுனலில் நிற்கும் பழுப்புப் பாலைக் கொட்டிவிடாதீர்கள். காஃபீன் அதற்குள்தான் இருக்கிறது, எங்கும் போகவில்லை. புனலை வளையத்தில் மாட்டி, அடியில் ஒரு பீக்கரை வைத்துவிட்டு மீதியைப் படியுங்கள். அந்த பீக்கரை எப்போதும் வையுங்கள். ஸ்டாப்காக், அதாவது புனலின் அடித் திருகு, கசிந்தால் ப்ராடக்ட் மேசையில் ஓடாமல் பீக்கரில் விழும்.

பாடநூலில் எக்ஸ்ட்ராக்‌ஷன் என்றால் இரண்டே பேர்: ஒரு கரிமக் கரைப்பான், கொஞ்சம் தண்ணீர். பொருள் இரண்டுக்கும் நடுவே பங்கு பிரியும், அவ்வளவுதான். நிஜக் குடுவையில் எப்போதும் மூன்றாவது ஒன்று கூடவே வருகிறது. மெத்தனால், டி.எச்.எஃப். (டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பான்), டானின், அலுமினிய உப்பு, கண்ணுக்குத் தெரியாத தூள் என்று அது எதுவாகவும் இருக்கலாம். உங்கள் மூன்று பிரச்சினைகளும் இந்த மூன்றாவது ஆளால் வந்தவைதான். லேயர் பிரியவில்லை என்றால் புனலை வெறித்துப் பார்ப்பதைவிட, அதற்குள் என்னென்ன ஊற்றினோம் என்று நோட்டில் எழுதியதைப் பார்ப்பது வேகமாக விடை தரும்.

காஃபீனிலிருந்து தொடங்குகிறேன். தேயிலையைச் சோடியம் கார்பனேட் போட்டுக் கொதிக்க வைத்திருப்பீர்கள். ஏன் கார்பனேட்? தேயிலையில் டானின்கள் ஏராளம். அவை ஃபீனால் வகை, லேசான அமிலத்தன்மை உள்ளவை. கார்பனேட் அவற்றைச் சோடியம் உப்பாக்கித் தண்ணீரிலேயே பிடித்து வைக்கிறது. இல்லையென்றால் அவற்றில் கொஞ்சம் காஃபீனோடு சேர்ந்து டி.சி.எம்.முக்குள் வந்து பழுப்புப் பிசினாக நிற்கும். இதற்கு நாம் கொடுக்கும் விலை என்னவென்றால், அந்தச் சோடியம் உப்புகள் சோப்பு மாதிரி நடந்துகொள்ளும். ஒரு பக்கம் எண்ணெய்த் தன்மை, மறுபக்கம் மின்சுமை. குலுக்கும்போது உருவாகும் டி.சி.எம். துளிகளைச் சுற்றி அவை உட்கார்ந்துகொண்டால், துளிகள் ஒன்றோடொன்று சேர மறுக்கும். அதுதான் நீங்கள் பார்க்கும் எமல்ஷன், பள்ளிப் புத்தகத்தில் பால்மம் என்று படித்தது.

நம் ஊர்க் கல்லூரிகளில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. கடையில் சுலபமாகக் கிடைப்பது டஸ்ட் டீ. அதன் நுண்ணிய தூள் துணி வடிகட்டியையும் காபி வடிகட்டியையும் தாண்டி வந்து, இரண்டு லேயருக்கும் நடுவே போய்ப் படியும். திடத் துகள் மட்டுமே போதும், சோப்பு இல்லாமலேயே எமல்ஷன் நிலைத்து நிற்கும். 1907-ல் பிக்கரிங் இதை விரிவாக எழுதினார், அவர் பெயரால் இன்றும் 'பிக்கரிங் எமல்ஷன்' என்கிறோம். ஆகவே முடிந்தால் இலைத் தேயிலையோ டீ பேக்கோ பயன்படுத்துங்கள். டஸ்ட் டீதான் இருக்கிறது என்றால், டி.சி.எம். ஊற்றுவதற்கு முன்பே கஷாயத்தை சீலைட் (நுண்துளைகள் உள்ள வடிகட்டும் தூள்) படுகை வழியாக ஒருமுறை வடிகட்டுங்கள். அதில் செலவாகும் பத்து நிமிடம் பிறகு ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

அடுத்து, குலுக்கிய விதம். காஃபீன் அறை வெப்பநிலையில் 100 மில்லி தண்ணீரில் ஏறக்குறைய 2 கிராம்தான் கரையும். டி.சி.எம்.மில் அதைப்போலப் பல மடங்கு கரையும். அது தானாகவே டி.சி.எம்.முக்குப் போக விரும்புகிற பொருள், அதைப் பலவந்தப்படுத்தத் தேவையே இல்லை. புனலைப் படுக்க வைத்த மாதிரிப் பிடித்து, ஐந்து முதல் பத்து நிமிடம் மெதுவாகச் சுழற்றினால் போதும். லேயர்களுக்கு நடுவே உள்ள பரப்பு புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும், துளியாக உடையக் கூடாது. இன்னொரு முக்கியமான விஷயம்: கஷாயம் சூடாக இருக்கும்போது டி.சி.எம். ஊற்றவே கூடாது. அது 40 டிகிரியில் கொதிக்கும். ஐஸில் வைத்து 20 டிகிரிக்குக் கீழே கொண்டுவந்த பிறகுதான் ஊற்ற வேண்டும்.

சரி, எமல்ஷன் ஏற்கெனவே வந்துவிட்டது, இப்போது என்ன செய்வது? நான் செய்யும் வரிசையைச் சொல்கிறேன். கால் மணி நேரம் தொடாமல் விடுவேன். பிறகு ஒரு கண்ணாடிக் கம்பியை விட்டு, நடுவிலுள்ள நுரைப் பகுதியை மட்டும் மெதுவாகக் கலக்குவேன். கீழே தெளிந்த டி.சி.எம். எவ்வளவு வந்திருக்கிறதோ அவ்வளவையும் வடித்து எடுத்துக்கொள்வேன். முழுவதும் பிரியட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. மிச்சத்தில் இன்னும் 20 மில்லி டி.சி.எம். சேர்த்துச் சுழற்றுவேன். இதற்கும் மசியாவிட்டால், எமல்ஷன் பகுதியை மட்டும் தனியாக எடுத்து, கண்ணாடிப் பஞ்சு அடைத்த புனல் வழியாகவோ ஒரு சென்டிமீட்டர் சீலைட் வழியாகவோ விடுவேன். துளிகளைச் சுற்றியிருக்கும் தோல் அதில் உடைந்துவிடும், கீழே இறங்கும்போது இரண்டு தெளிவான லேயர் கிடைக்கும். பம்ப் போட்டு உறிஞ்சினால் டி.சி.எம். ஆவியாகிப் போகும், அதனால் உறிஞ்சல் லேசாக இருக்கட்டும். ஆய்வகத்தில் சென்ட்ரிஃபியூஜ் இருந்தால் அதுவே மிக நல்ல வழி. கண்ணாடி அல்லது பாலிபுரொப்பிலீன் குழாயில் ஊற்றுங்கள். பாலிஸ்டைரீன் குழாயை டி.சி.எம். கரைத்துவிடும்.

"உப்புப் போடு" என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் நல்ல யோசனைதான். உப்பு தண்ணீரின் அயனி வலுவைக் கூட்டும், கரைப்பான் தண்ணீரில் கரைவதைக் குறைக்கும், துளிகளைச் சேர வைக்கும். ஆனால் எந்தக் கரைப்பானோடு என்று பார்த்துப் போட வேண்டும். ஈதரின் அடர்த்தி 0.71, எதில் அசிட்டேட் 0.90. இவை மேலே மிதப்பவை. தண்ணீரில் உப்பைப் போட்டால் அதன் அடர்த்தி 1.00-லிருந்து 1.20 வரை ஏறும், மேல் கீழ் வித்தியாசமும் கூடும், அதனால் இரட்டை லாபம். டி.சி.எம்.மின் அடர்த்தி 1.33, அது கீழே இருப்பது. அங்கே உப்பைக் கொட்டக் கொட்டத் தண்ணீரின் அடர்த்தி டி.சி.எம்.மை நெருங்கி வருகிறது, பிரிவதற்கான உந்துதல் குறைகிறது. ஆகவே டி.சி.எம். என்றால் ஒரு சிட்டிகை, இரண்டு சிட்டிகை உப்போடு நிறுத்திக்கொண்டு, கூடுதல் டி.சி.எம். ஊற்றுவதை நம்புங்கள். இது தெரியாமல் உப்பை அள்ளிப்போட்டுவிட்டு "உப்பும் வேலை செய்யவில்லை" என்று வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கொட்டிய மேல் லேயரின் கதையும் அடர்த்தியில்தான் இருக்கிறது. அந்த வினையை எந்தக் கரைப்பானில் செய்தீர்கள் என்று எழுதவில்லை. டி.எச்.எஃப்.பில் செய்துவிட்டு, அதை அகற்றாமல் டி.சி.எம்.மும் செறிவுற்ற உப்புக் கரைசலும் ஊற்றியிருப்பீர்கள் என்பது என் ஊகம். கணக்கைப் பாருங்கள். டி.எச்.எஃப்.பின் அடர்த்தி 0.89. 50 மில்லி டி.சி.எம்.மோடு 50 மில்லி டி.எச்.எஃப். சேர்ந்தால் கலவையின் அடர்த்தி 1.11 அளவில் வரும். வெறும் தண்ணீராக இருந்தால் அது கீழே போயிருக்கும். 1.20 அடர்த்தி உள்ள உப்புக் கரைசலுக்கு மேலே அது மிதக்கும். செறிவான பொட்டாசியம் கார்பனேட் கரைசலோ 1.5 வரை அடர்த்தி உள்ளது, அதன் மேல் சுத்தமான டி.சி.எம். கூட மிதக்கும். "டி.சி.எம். எப்போதும் கீழே" என்ற மனப்பாடத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

எது எந்த லேயர் என்று அறிய ஊகம் வேண்டாம், சோதனைக் குழாய் போதும். அதில் ஒரு மில்லி தண்ணீர் எடுத்து, சந்தேகப்படும் லேயரிலிருந்து சில சொட்டு விடுங்கள். கலந்துவிட்டால் அது நீர் லேயர். தனித் துளியாக நின்றால் கரிம லேயர். அரை நிமிட வேலை.

நான் மாணவனாக இருந்தபோது ஒரு அமீனை (காரத்தன்மை உள்ள கரிமப் பொருள்) நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கழுவிவிட்டு, கரிம லேயரை ரோட்டாவில் (கரைப்பானைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கும் கருவி) போட்டு வற்றவைத்தேன். குடுவையில் ஒன்றுமே இல்லை. மூன்று நாள் வேலை போயிற்று என்று உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஆய்வகத்தில் ஒரு சீனியர் அக்கா இருந்தார். அவர் நான் கொட்டப்போன நீர் லேயரை முந்தின நாளே எடுத்து, மூடி போட்டு, என் பெயரை எழுதி வைத்திருந்தார். "ப்ராடக்ட் கையில வர்ற வரைக்கும் எதையும் கீழ ஊத்தாதப்பா," என்றார். அமீன் உப்பாகி அந்தத் தண்ணீரில்தான் இருந்தது. சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு, மறுபடி எடுத்தோம், முழுவதும் வந்தது. அன்று முதல் ஒவ்வொரு லேயருக்கும் ஒரு கூம்புக் குடுவை, ஒவ்வொன்றிலும் மார்க்கரில் பெயர். ப்ராடக்டை எடை போட்டு என்.எம்.ஆர். (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் சோதனை) பார்த்த பிறகுதான் கழிவுப் பாட்டிலைத் திறப்பேன்.

இனி லேயரே வராத போரோஹைட்ரைடு வினை. இங்கே மூன்றாவது ஆள் மெத்தனால். அது தண்ணீரோடும் கலக்கும், எதில் அசிட்டேட்டோடும் கலக்கும். இருவரையும் கைகோக்க வைத்து ஒரே திரவமாக்கிவிடும். எத்தனால், அசிட்டோன், அசிட்டோநைட்ரைல், டி.எச்.எஃப். எல்லாம் இதே வேலையைச் செய்பவை. வழி ஒன்றுதான்: ஒர்க்-அப்புக்கு, அதாவது வினை முடிந்தபின் பொருளைப் பிரித்தெடுக்கும் வேலைக்கு, முன்பே மெத்தனாலை ரோட்டாவில் வற்றவையுங்கள். அதற்கும் முன்னால், மீதமிருக்கும் போரோஹைட்ரைடை அம்மோனியம் குளோரைடு கரைசலாலோ நீர்த்த அமிலத்தாலோ, குளிர வைத்து, சொட்டுச் சொட்டாக, திறந்த குடுவையில் முடித்துவிடுங்கள். ஒரு கிராம் சோடியம் போரோஹைட்ரைடு முழுவதும் சிதைந்தால் சுமார் இரண்டரை லிட்டர் ஹைட்ரஜன் வரும். அதை மூடிய பிரிபுனலுக்குள் நடக்கவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஏற்கெனவே ஒரே திரவமாகிவிட்டது என்றால், தண்ணீரையும் உப்பையும் நிறையச் சேர்த்துப் பாருங்கள், பல நேரம் பிரிந்துவிடும். பிரியாவிட்டால் எல்லாவற்றையும் திரும்பக் குடுவையில் ஊற்றி, மெத்தனாலை வற்றவைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நாங்களும் செய்வதுதான்.

டி.எம்.எஃப். (டைமெத்தில் ஃபார்மமைடு), டி.எம்.எஸ்.ஓ. (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) என்ற கரைப்பான்கள் இரண்டும் இன்னும் பிடிவாதமானவை, எளிதில் வற்றாது. இவற்றோடு டி.சி.எம். வேண்டாம், டி.எம்.எஃப். அதற்குள்ளேயே தங்கிவிடும். எதில் அசிட்டேட் அல்லது ஈதரில் எடுத்து, நிறையத் தண்ணீரால் பல முறை கழுவுங்கள். கழுவும் நீரில் 5 சதவீதம் லித்தியம் குளோரைடு இருந்தால் டி.எம்.எஃப். நன்றாக இறங்கும்.

நாளை லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடோ டிபாலோ (இரண்டும் அலுமினியம் உள்ள ஒடுக்கிகள்) பயன்படுத்தும் நாள் வரும். தண்ணீர் விட்டதும் வெள்ளைக் களி மாதிரி அலுமினியம் ஹைட்ராக்சைடு வந்து புனலை அடைத்துக்கொள்ளும். அதை உப்போ பொறுமையோ பிரிக்காது. ரோஷெல் உப்பு, அதாவது பொட்டாசியம் சோடியம் டார்ட்ரேட்டின் செறிவுற்ற கரைசலை ஊற்றி, இரண்டு லேயரும் தெளியும் வரை ஓரிரு மணி நேரம் காந்தக் கலக்கியில் ஓடவிடுங்கள். டார்ட்ரேட் அலுமினியத்தைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்துக்கொள்ளும். லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஒரு கிராமுக்கு 1 மில்லி தண்ணீர், 1 மில்லி 15 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு, பிறகு 3 மில்லி தண்ணீர் என்ற வரிசையில், பனிக்குளியலில் வைத்து மிக மெதுவாக விட்டால், களிக்குப் பதிலாக வடிகட்டக்கூடிய மணல் மாதிரித் திடம் கிடைக்கும். புனலுக்கே வேலை இல்லை.

லேயர் அழகாகப் பிரிந்தும் விளைச்சல் குறைகிறதா? இரண்டு இடங்களில் தேடுங்கள். முதலாவது பி.எச். அளவு. பொருள் இரண்டு லேயருக்கும் நடுவே மாறாத விகிதத்தில் பிரியும் என்ற பங்கீட்டு விதியை பெர்தெலோவும் யுங்ஃபிளைஷும் 1872-ல் அளந்தார்கள். 1891-ல் நெர்ன்ஸ்ட் அதற்கு ஒரு நிபந்தனையை அழுத்திச் சொன்னார்: இரண்டு லேயரிலும் ஒரே வகை மூலக்கூறாக இருக்கும்வரைதான் அந்த விகிதம் மாறாமல் நிற்கும். பென்சாயிக் அமிலத்தின் பி.கே.ஏ. (பாதி அயனியாகும் பி.எச்.) 4.2. நீர் லேயர் 6.2-ல் இருந்தால் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு அயனியாகி விடும், அது ஈதருக்கு வரவே வராது. 2-க்குக் கொண்டுவந்தால் கிட்டத்தட்ட முழுவதும் அமிலமாகவே இருக்கும், சுலபமாக மேலே ஏறும். அமிலம் ஊற்றினேன் என்று நினைவில் சொல்வது போதாது. குலுக்கிய பிறகு நீர் லேயரை கண்ணாடிக் கம்பியால் தொட்டு பி.எச். தாளில் வைத்துப் பார்க்க வேண்டும். கார்பாக்சிலிக் அமிலம் பைகார்பனேட்டுக்கே இறங்கிவிடும், ஃபீனாலுக்கு சோடியம் ஹைட்ராக்சைடு வேண்டும். ஒரு பொறியும் உண்டு: நீளமான கார்பன் சங்கிலி உள்ள அமீன்களின் ஹைட்ரோகுளோரைடு உப்பு சில நேரம் டி.சி.எம்.மிலேயே கரைந்து நிற்கும். தண்ணீரில் தேடினால் கிடைக்காது.

இரண்டாவது, எத்தனை முறை எடுத்தீர்கள் என்பது. பங்கீட்டுக் குணகம் (கரைப்பானிலும் நீரிலும் உள்ள செறிவுகளின் விகிதம்) 4 என்று வையுங்கள், நீர் 100 மில்லி. 100 மில்லி கரைப்பானை ஒரே தடவையில் ஊற்றினால் 80 சதவீதம் வரும். அதையே 50, 50 ஆகப் பிரித்தால் 89. மூன்றாகப் பிரித்தால் 92. கரைப்பான் அளவு ஒன்றுதான், பிரித்து ஊற்றியதால் மட்டுமே 12 சதவீதம் கூடுதல். நான்கு, ஐந்து என்று போனால் லாபம் சுருங்கிவிடும், அதனால் மூன்று போதும். பிறகு நீர் லேயரில் ஒரு சொட்டை டி.எல்.சி. தட்டில் (கலவையைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் மெல்லிய தட்டு) வைத்துப் பாருங்கள். புள்ளி இன்னும் தெரிந்தால் கரைப்பானை மாற்றுங்கள். தண்ணீரை விரும்பும் பொருள்களுக்கு குளோரோஃபார்மும் ஐசோபுரொப்பனாலும் 3:1 கலவை நன்றாக வேலை செய்யும்.

கவனிக்க வேண்டிய ஆபத்துகளை விட்டுவிட்டுப் போக மனமில்லை. பைகார்பனேட்டால் கழுவும்போது 10 மில்லிமோல் அமிலம் மீதமிருந்தால்கூட 240 மில்லி கார்பன் டை ஆக்சைடு வரும். 250 மில்லி புனலுக்கு அது அதிகம். மூடி போடாமல் முதலில் சுழற்றி, நுரை அடங்கிய பிறகு மூடுங்கள். ஒவ்வொரு இரண்டு குலுக்கலுக்கும் ஸ்டாப்காக்கைத் திறந்து காற்றை விடுங்கள். தண்டு ஃப்யூம் ஹுட்டின் உள்பக்கம் பார்த்திருக்க வேண்டும், யார் முகத்தையும் அல்ல. புனலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். அசைடு உள்ள கலவைக்கு டி.சி.எம். பக்கமே போகாதீர்கள், வெடிக்கக்கூடிய டைஅசிடோமீத்தேன் உருவாகலாம். குளோரோஃபார்ம் இருந்த புனலை அசிட்டோனால் அலசி, காரம் இருக்கும் கழிவுப் பாட்டிலில் ஊற்றாதீர்கள். மூன்றும் சேர்ந்தால் கடுமையாகச் சூடாகும். டி.சி.எம். நைட்ரைல் கையுறையை ஓரிரு நிமிடத்துக்குள் ஊடுருவிவிடும், கையில் சிந்தினால் உடனே கழற்றுங்கள்.

வடிக்கும்போது திரவம் இறங்காமல் நின்றால் மூடியைத் திறக்க மறந்திருப்பீர்கள், பலருக்கும் இது நடக்கும். நடுவில் அழுக்குப் படலம் மாதிரி ஒன்று நின்றால் அதை ஒவ்வொரு முறையும் நீர் லேயரோடு விட்டுவிடுங்கள், கடைசி எக்ஸ்ட்ராக்‌ஷனில் மட்டும் சீலைட் வழியாக வடிகட்டுங்கள். கரிம லேயர் மங்கலாக இருந்தால் அதில் நீர்த்துளிகள் இருக்கின்றன. நீரற்ற சோடியம் சல்பேட்டைச் சேர்த்துச் சுழற்றுங்கள். கட்டி கட்டியாகாமல் பனி மாதிரி மிதந்து விழும் வரை சேர்க்க வேண்டும். எதில் அசிட்டேட் தன்னுள் 3 சதவீதம் அளவுக்குத் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும், அதற்கு முதலில் உப்புக் கரைசலால் ஒரு கழுவு அவசியம்.

இன்றைய புனலைத் தெளியவைத்து, டி.சி.எம்.மை வற்றவைத்த பிறகு கிடைப்பதை எடை போட்டு எழுதுங்கள். கூடவே எத்தனை கிராம் தேயிலை, இலையா டஸ்ட்டா, எவ்வளவு கார்பனேட், டி.சி.எம். ஊற்றும்போது கஷாயம் எத்தனை டிகிரி, எத்தனை முறை எடுத்தீர்கள் என்பதையும் சேருங்கள். தேயிலையின் எடையில் 2 முதல் 4 சதவீதம் காஃபீன் இருக்கும். 10 கிராமில் 200 மில்லிகிராம் இருந்தும் உங்கள் கையில் 40 தான் வந்தது என்றால், மீதி கஷாயத்திலா, எமல்ஷனிலா, இலைச் சக்கையிலா என்று அந்த விவரங்களை வைத்து நாம் தேடிப் பார்க்கலாம்.